வெங்காயமும் என் அம்மாவின் மூச்சும்



எங்க குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் நான் சொல்வதெல்லாம் அம்மாவுக்கு வேதவாக்கு. அவருக்குப் பல வருடமாக இளைப்பு. தூசி பட்டால் போதும், மூச்சு வாங்கும். போன மார்கழியில், "வெங்காயத்துல அலர்ஜிக்கு மருந்து இருக்காம்மா" என்று அரைகுறையாகப் படித்ததைச் சொல்லிவிட்டேன். "படிச்ச புள்ள சொல்லுது" என்று அம்மா இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் பச்சை வெங்காயம் தின்றார். பத்தாம் நாள் ராத்திரி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லவேளை, பிழைத்தார். நான் சொன்னது பொய்யா? தெரிந்துகொள்ள நூலகத்தில் உட்கார்ந்தேன்.

பொய்யில்லை, பாதி உண்மை! வெங்காயத்தில் குவர்செட்டின் இருக்கிறது. அது ஃபிளேவனாய்டு என்னும் தாவரப்பொருள் வகையைச் சேர்ந்தது. ஒரு மூலக்கூறில் 15 கார்பன், 10 ஹைட்ரஜன், 7 ஆக்ஸிஜன் அணுக்கள். நம் மூச்சுக்குழாயில் மாஸ்ட் செல்கள் உண்டு. அலர்ஜி உள்ளவருக்கு ஒவ்வாத தூசி பட்டதும் அவை ஹிஸ்டமின் போன்றவற்றைக் கொட்டும். குழாய் சுருங்கும், வீங்கும், சளி கட்டும். இதுவே இளைப்பு. ஆய்வகச் செல்களில் குவர்செட்டின் ஹிஸ்டமினைக் குறைக்கிறது. எலிகளில் மூச்சுக்குழாய் அழற்சியையும் குறைத்திருக்கிறது. ஆனால் நாம் சாப்பிடுவதில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். அதையும் குடலும் கல்லீரலும் மாற்றிவிடும்.

அப்படியென்றால் செடி மருந்தாகாதா? ஆகும், உழைத்தால்! எகிப்தில் பழங்காலம் முதல் பயன்பட்ட, கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி ஒன்றிலிருந்து கெல்லின் கிடைத்தது. குவர்செட்டினில் உள்ள குரோமோன் வளையம் அதிலும் உண்டு. அந்த அமைப்பை வைத்து இங்கிலாந்தில் புதுப்புதுச் சேர்மங்கள் செய்தார்கள். ஆஸ்துமாக்காரரான டாக்டர் ரோஜர் அல்டூனியன், அலர்ஜிப் பொருளைத் தானே சுவாசித்து இளைப்பை வரவழைத்து, அவற்றைப் பல ஆண்டுகள் தன்மேலேயே சோதித்தார். 1965-ல் குரோமோகிளைகேட் பிறந்தது. விழுங்கினால் அதுவும் உடம்பில் சேராது. எனவே பொடியாக உறிஞ்சும் கருவியும் செய்தார்கள். அதுகூட வருமுன் காப்பதுதான். வந்த இளைப்பை நிறுத்தாது.

நண்பர்களே, செடிக்கும் மருந்துக்கும் நடுவே இத்தனை வருட உழைப்பு இருக்கிறது. அதை நான் ஒரே வாக்கியத்தில் தாண்டப் பார்த்தேன். இப்போது அம்மா வெங்காயத்தைக் குழம்பில் போடுகிறார், இன்ஹேலரை வேளை தவறாமல் எடுக்கிறார். நம் வீடுகளில் நம் சொல்லை நம்புகிறார்கள். முழுசாகப் படித்துவிட்டுச் சொல்வோம்!