குடல் அழற்சி: அடையாளங்களும் பரிசோதனைத் தாள்களும்



வியாபாரம் செய்பவனுக்குக் கடையின் வரவு செலவு எந்நேரமும் நினைவில் இருக்கும். தன் வயிற்றின் வரவு செலவை மட்டும் அவன் கவனிப்பதில்லை. மலத்துடன் ரத்தம் போனால் "மூலச்சூடு" என்று இரண்டு இளநீர் குடித்துவிட்டு மறுபடியும் கல்லாவில் உட்காருகிறோம். மாதக்கணக்கில் வயிறு போனாலும் சம்பல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொல்கிறோம். வைத்தியரிடம் சொல்ல வெட்கம் ஒரு பக்கம், கடைக்கு மாற்றாள் இல்லாத கஷ்டம் மறு பக்கம். இவ்விதம் தள்ளிப்போடப்படும் வியாதிகளில் குடல் அழற்சி நோய் ஒன்று. அதன் அடையாளங்களையும், வைத்தியர் கையில் கொடுக்கும் பரிசோதனைத் தாள்களின் பொருளையும் இங்கே விளக்க முயல்கிறோம்.

இது வெள்ளைக்காரர்களின் வியாதி, நமக்கு வராது என்ற எண்ணம் வெகுகாலம் நிலவியது. அதற்கு மறுப்பு நம் பேராக்கிலேயே இருக்கிறது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் மலேசிய வைத்தியர்கள் நடத்திய ஆராய்ச்சி 2015 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் இந்நோயின் அளவைக் கணக்கெடுத்த முதல் ஆராய்ச்சி அதுவே. 2011 முதல் 2013 வரை அங்கே ஆண்டுக்கு லட்சம் பேரில் 0.68 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் மலாய்க்காரரில் 0.35, சீனரில் 0.63, இந்தியரில் 1.91. அதாவது இந்தியரிடையே சீனரைப் போல் மூன்று மடங்கு, மலாய்க்காரரைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். நம்மவரில் சிலர் இந்தியர் என்றும் சிலர் மலாய்க்காரர் என்றும் பதிவாகியிருப்பது வேறு விஷயம். குடலுக்குப் பிறப்புப் பத்திரம் தெரியாது.

லட்சத்தில் இருவர் என்பது சொற்பம்தானே என்று கேட்கலாம். உண்மையே. வயிறு கலங்கிய ஒவ்வொருவரும் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இது வந்து போகும் பேதியன்று. கண்டவரிடம் ஆயுள் முழுதும் தங்குவது. சில காலம் அடங்கி, சில காலம் கிளம்புவது. ஆகவேதான் அதே ஆராய்ச்சியில், நோயுடன் வாழ்வோர் தொகை லட்சத்துக்கு 9.24 என்று வந்தது. இளைஞர்களையே இது பெரிதும் பிடிக்கிறது என்பதால், நம் பிள்ளைகள் விஷயத்திலும் கவனம் வேண்டும்.

நோய் இரு வகைப்படும். ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி. 1859 ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் இதைக் குறித்து எழுதினார். ஆசனவாயை அடுத்த பகுதியில் தொடங்கி, இடைவெளியின்றி மேலே ஏறும். குடலின் உட்தோலை மட்டுமே பாதிக்கும். மற்றொன்று க்ரோன்ஸ் வியாதி. 1932 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இதை விவரித்த மூவரில் ஒருவரான பர்ரில் க்ரோன் பெயரால் வழங்குவது. இது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். ஓரிடம் விட்டு ஓரிடம் பிடிக்கும்; குடல் சுவரின் முழுக் கனத்தையும் துளைக்கும். அதனால் குடல் சுருங்குவதும், ஆசனவாயருகே சீழ்க்கட்டியும் பவுத்திரமும் தோன்றுவதும் உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதுதான் இரண்டிலும் நடப்பது. அது ஏன் அவ்வாறு திரும்புகிறது என்பது முழுதும் தெளிவாகவில்லை. யாருடைய பாவத்தாலும் வந்ததன்று, தொற்றுவதுமன்று.

இனி அடையாளங்கள். ஒரு கடைக்காரரை வைத்துக்கொள்வோம். மலம் கழித்த பின் சொட்டுச் சொட்டாகச் சிவந்த ரத்தம் விழுகிறது, மலம் கெட்டியாக இருக்கிறது, மற்றபடி சுகமாக இருக்கிறார். அது மூலமாக இருக்கவே அதிக இடமுண்டு. எனினும் வைத்தியர் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொருவருக்கு வயிறு உப்புகிறது, கவலை வந்தால் போகிறது, மலம் கழித்தால் வலி தணிகிறது. ஆனால் ரத்தமில்லை, எடை குறையவில்லை, இரவில் அயர்ந்து தூங்குகிறார். இது குடல் எரிச்சல் எனப்படும் வேறு உபாதை. தொந்தரவு தரும், ஆனால் குடலைப் புண்ணாக்காது. மூன்றாமவருக்கோ நான்கு வாரத்துக்கு மேலாகத் தளர்ந்த மலம், ரத்தமும் சளியும் கலந்து வருகிறது. போன பின்னும் போக வேண்டும் என்ற முக்கல். நடு இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்புகிறது. இடுப்பில் கைலி தளர்கிறது. இவர்தான் தாமதியாமல் போக வேண்டியவர்.

இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கை நாம் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். வைத்தியர் அப்படி எண்ணுவதில்லை. ஆகவே அதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். க்ரோன்ஸ் வியாதியில் ரத்தம் வராமலே அடிவயிற்றின் வலப்புறம் வலியும், காய்ச்சலும், மெலிவும் மட்டும் இருப்பதுண்டு. வாய்ப்புண், மூட்டு வலி, கண் சிவப்பு, கணைக்காலில் வலியுள்ள சிவந்த கட்டிகள் இவையும் குடல் நோயின் கிளைகளாக இருக்கலாம். சிறுவர்களுக்கு வளர்ச்சி நின்றுபோவதே முதல் அடையாளமாகவும் இருக்கும்.

பரிசோதனைத் தாளுக்கு வருவோம். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ, கூடுதல் குறைவு காட்டும் எழுத்தோ இருந்தால் பலர் அன்றே ஒப்பாரி வைத்துவிடுகிறார்கள். எல்லாம் சரியென்றிருந்தால் தாளைச் சுருட்டிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு. ஒரு நாள் விற்பனையை வைத்து ஐந்தொகை போட முடியுமா?

ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் சோகை. வயது வந்த ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவினால் சோகை என்றால், எங்கோ ரத்தம் கசிகிறது என்று தேடுவதே முறை. இரும்பு மாத்திரை மட்டும் விழுங்கிக் கணக்கை முடிக்கக் கூடாது. ரத்தத் தட்டணுக்கள் கூடியிருப்பதும், ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருப்பதும் அழற்சியின் சாயலைக் காட்டலாம். சி.ஆர்.பி. என்பது உடலில் எங்கு அழற்சி இருந்தாலும் ஏறும். ஒரு சளிக் காய்ச்சலிலும் ஏறும். இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள பலருக்கு, முக்கியமாக நோய் கீழ்ப்பகுதியில் மட்டும் நிற்பவருக்கு, சி.ஆர்.பி. சரியான அளவிலேயே இருக்கும். ஆகவே சி.ஆர்.பி. சரி என்றதால் குடலும் சரி என்று ஆகாது.

மலப் பரிசோதனைகளில் கால்புரொட்டெக்டின் என்பது நாம் நன்றாக அறிய வேண்டியது. வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு புரதம் இது. குடலில் அழற்சி இருந்தால் அவ்வணுக்கள் அங்கே திரண்டு, புரதம் மலத்தில் வெளியாகிறது. பொதுவாக ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழிருந்தால் சரியான அளவு. 250க்கு மேலிருந்தால் அழற்சி இருக்கலாம் என்று குடலை உள்ளே பார்க்க ஏற்பாடு செய்வார்கள். இடைப்பட்ட எண் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பச் சோதிப்பது வழக்கம். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் அளவு சிறிது மாறும். தாளிலேயே அச்சிட்டிருக்கும் அளவைப் பார்க்கவும்.

இந்த எண் புகையைப் போன்றது. புகை தெரிந்தால் எங்கோ நெருப்பு உண்டு. எந்த அடுப்பு என்று புகை சொல்லாது. கிருமி பேதியிலும் அது ஏறும், குடல் புற்றிலும் ஏறும். மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் நாம் வாங்கி விழுங்கும் டைக்ளோபெனாக், பொன்ஸ்தான் போன்ற மாத்திரைகளாலும் ஏறும். ஆகவே என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜாமு, நாட்டுச் சூரணம் எதுவானாலும் பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பதிவில்லாத சில மூலிகை மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அது நோயைத் திரைபோட்டு மறைக்கும். நிறுத்தியதும் நோய் சீறும். கால்புரொட்டெக்டின் குறைவாக இருந்து, ரத்தமும் இல்லையென்றால் பெரும்பாலும் நிம்மதி கொள்ளலாம். எண் குறைவாக இருந்தும் ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் எண்ணை விடுங்கள், ரத்தத்தைப் பாருங்கள்.

சர்க்கார் கிளினிக்கில் 50 வயதானவர்களுக்குச் செய்யும் மறைரத்தச் சோதனை வேறு. அது யாதொரு அடையாளமும் இல்லாதவருக்குக் குடல் புற்றைத் தேடுவதற்கு ஏற்பட்டது. கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர் அந்தச் சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. அமீபா முதலிய கிருமிகளுக்கான மலச்சோதனையை மட்டும் கட்டாயம் செய்ய வேண்டும். அமீபாப் புண்ணைக் குடல் அழற்சி என்று கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்தாக முடியும்.

முடிவு சொல்வது பெருங்குடல் உள்நோக்கியும், அதன் வழியே எடுக்கும் சதைத்துணுக்கும். முந்திய தினம் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். அந்த இரவு கடையைத் தம்பியிடம் விட்டுவிட வேண்டியதுதான். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். நீரிழிவுக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நோன்பு மாதத்தில் தேதி கிடைத்தால் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிக்கு வேறு நாளில் களாச் செய்யும் சலுகை இருக்கிறது.

சதைத்துணுக்கின் அறிக்கையில் வரும் சில சொற்கள் மனத்தைக் குழப்பும். குறிப்பற்ற அழற்சி என்ற பொருளில் 'நான்-ஸ்பெசிபிக்' என்று எழுதியிருந்தால், ஒன்றுமில்லை என்பதன்று; இன்னதென்று இன்னும் சொல்ல இயலவில்லை என்பதே. 'டிஸ்பிளேசியா' என்றிருந்தால் அணுக்கள் புற்றின் வழியில் திரும்பக்கூடும் என்று பொருள்; அடுத்து என்ன செய்வது என்று அன்றே கேட்க வேண்டும். 'கிரானுலோமா' என்பது அணுக்கள் கூடிய சிறு முடிச்சு. இது க்ரோன்ஸ் வியாதியிலும் இருக்கும், குடல் காசநோயிலும் இருக்கும். இவ்விடத்தில்தான் நம் போன்றோரிடையே பெரிய சிக்கல். காசநோய் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் இன்றும் உண்டு. அது குடலில் வந்தால் க்ரோன்ஸைப் போலவே வேடம் போடும். காசத்துக்கு க்ரோன்ஸ் மருந்து கொடுத்தால் காசம் உடலெங்கும் பரவும். ஆகவே வைத்தியர் மார்பை எக்ஸ்ரே எடுப்பதையும், வீட்டில் யாருக்கேனும் காசம் இருந்ததா என்று கேட்பதையும், மறுமுறை துணுக்கு எடுப்பதையும் வீண் செலவு என்று எண்ணாதீர்கள். தீர்மானிக்க முடியாதபோது காசத்துக்கு மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி உள்ளே பார்த்துப் புண் ஆறியதா என்று அறிவதும் இந்தியாவிலும் இங்கும் உள்ள முறையே. ஊரில் இருந்து வந்த சகோதரர்கள் பழைய மருத்துவச் சீட்டுகளை எறியாமல் காட்டுவது இதற்கு மிக உதவும்.

எப்போது கிளினிக்குக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? 1955 ஆம் ஆண்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற ஆக்ஸ்போர்டு வைத்தியர் இருவர் சொன்ன கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது. நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், அதனுடன் காய்ச்சலோ, நாடி நிமிடத்துக்கு 90க்கு மேல் ஓடுவதோ, சோகையோ சேர்ந்தால் அது கடுமையான தாக்குதல். வயிறு உப்பிக் கல்லாகிவிட்டால் மணி பார்க்கக் கூடாது. போக்கை நிறுத்தும் மாத்திரையை அந்நேரம் தொடவே வேண்டாம்.

மற்றவர்கள் லூமுட்டிலிருந்து அருகிலுள்ள சர்க்கார் கிளினிக்கில் தொடங்கலாம். அங்கிருந்து கடிதத்தோடு ஸ்ரீ மஞ்சோங் ஆஸ்பத்திரிக்கோ, ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனூன் ஆஸ்பத்திரிக்கோ போக நேரலாம். போகுமுன் ஒரு நோட்டில் இரண்டு வாரக் கணக்கு எழுதுங்கள்: நாளுக்கு எத்தனை முறை, இரவில் எத்தனை, ரத்தம் உண்டா, எடை எவ்வளவு, என்ன மாத்திரை. பழைய பரிசோதனைத் தாள்களைத் தேதி வரிசையில் ஒரே உறையில் வையுங்கள். கிளினிக்கில் ஒன்று, தனியார் வைத்தியரிடம் ஒன்று என்று சிதறிக் கிடந்தால் ஈப்போ வைத்தியர் முதலிலிருந்து தொடங்குவார். உங்கள் ஒரு நாள் வியாபாரமும் பேருந்துச் சத்தமும் வீணாகும்.