மோட்டார் போட்டதும் எம்.சி.பி. விழுகிறதா?

ஒரு எச்.பி. போர் மோட்டாரைப் போட்டதுமே 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. 32 ஆம்பியராக மாற்றிவிடலாமா?
– வாசகி, ஆலங்குடி

வேண்டவே வேண்டாம். எம்.சி.பி. முதலில் காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. 2.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு 32 போட்டால், வயர் சூடேறிக் கருகும்போதும் அது விழாமல் நிற்கும்.

இந்த மோட்டார் ஓடும்போது இழுப்பது சுமார் 6 முதல் 8 ஆம்பியர்தான். கிளம்பும் நொடியில் மட்டும் பல மடங்கு. ஆகவே எம்.சி.பி.யின் முகப்பைப் பாருங்கள். 'பி 16' என்றிருந்தால் 3 முதல் 5 மடங்கிலேயே விழும். மோட்டாருக்கு 5 மடங்கு வரை தாங்கும் 'சி 16' வேண்டும்.

ஏற்கெனவே 'சி'தானா? ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு எம்.சி.பி.யை ஒரே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். நின்றால், கோளாறு பெரும்பாலும் கெபாசிட்டரிலோ மோட்டாரிலோ இருக்கும். போருக்குள் இறங்கும் கேபிளின் ஜாயிண்டில் தண்ணீர் புகுவதும் ஆழமான போர்களில் சகஜம். ஸ்டார்ட்டரை அணைத்த பிறகும் விழுந்தால் வயரிலோ எம்.சி.பி.யிலோதான் பழுது.

மாற்றும் வேலையை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகே அவர் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ தளர்வாக இருந்தால் புது எம்.சி.பி.யும் கருகிவிடும், அதையும் சொல்லிவிடுங்கள். மீட்டர் பக்கம் கருகல் வாடை வந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள்.