போஞ்சி காய்க்கிறது, அவரை ஏன் பூக்கவில்லை?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பட்டாணியும் போஞ்சியும் நன்றாகக் காய்க்கின்றன. ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை மட்டும் பந்தல் நிறையப் படர்ந்தும் பூக்கவில்லை. போஞ்சி இந்த மண்ணுக்கே உரியது என்பதாலா? (வாசகர், நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்)

பதில்: போஞ்சி என்ற பெயர் ஒல்லாந்தரோடு இலங்கைக்கு வந்தது. காயோ அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1535 அக்டோபரில் பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியே இதே மொன்றியல் தீவிலிருந்த ஓஷலாகா ஊருக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் சோளத்தோடு போஞ்சி, பட்டாணி வகைகளையும் கூழில் சேர்ப்பதாக எழுதினார். அப்படியானால் பட்டாணியும் இங்கே பிறந்ததா என்று கேட்கலாம். இல்லை. பட்டாணியின் தாயகம் மேற்கு ஆசியா. ஐரோப்பியர் வருமுன் அது இந்தக் கண்டத்தில் கிடையாது. பார்த்த பயறுக்குத் தன் வீட்டுப் பெயரையே அவர் வைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் போஞ்சியை மொன்றியலின் சொந்தப் பயிர் என்று சொல்லிவிட முடியாது. அதன் காட்டு உறவுகள் மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலைகளிலும்தான் வளர்கின்றன; கண்டத்தின் இந்த வடகிழக்குப் பகுதிக்கு அது வந்து சேர்ந்தது 1300ஆம் ஆண்டளவில். காட்டுப் போஞ்சியும் அவரையைப் போலவே பகல் குறுகினால்தான் பூக்கும். அது கைமாறிக் கைமாறி வடக்கே வந்த வழியெல்லாம், பனி விழுமுன் காய்த்த கொடியின் விதையையே உழவர்கள் அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைத்தார்கள். நீண்ட பகலிலும் பூக்கும் குணம் அப்படித்தான் நிலைத்தது. ஆகவே போஞ்சி இங்கே காய்ப்பதற்குக் காரணம் அது பிறந்த இடம் அல்ல, பல தலைமுறை உழவர்கள் விதையைத் தேர்ந்தெடுத்த பொறுமை. பட்டாணிக்கு அந்தச் சிரமம் வேண்டியிருக்கவில்லை. குளிர்காலத்தில் முளைத்து, பகல் நீளும்போது பூப்பது அதன் பிறவிக் குணம்; அதனால்தான் மண் இளகியதும் ஏப்ரலிலேயே அதை ஊன்றலாம், போஞ்சிக்கு மே கடைசிவரை பொறுக்க வேண்டும்.

உங்கள் அவரைக்கு வருவோம். குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, பிரிந்தவன் வராத பனிக்காலத்தை அவரை பூக்கும் காலமாகவே அடையாளம் காட்டுகிறாள். அன்றைக்கும் இன்றைக்கும் அதன் கணக்கு அதுதான். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணியை எட்டாது. மொன்றியலில் ஜூனில் 15½ மணியைத் தாண்டும். இங்கே பகல் 12 மணிக்கு இறங்க செப்டம்பர் கடைசி ஆகிவிடும். கொடி அரும்பு கட்டும்போது உறைபனி வாசலில் நிற்கும். எருவைக் கூட்டினால் பூக்கும் என்பார்கள். கூட்டினால் இலைதான் பெருகும். மண்ணில் குறை இல்லை, உங்கள் கையிலும் குறை இல்லை.

பருவம் பார்க்காமல் காய்க்கும் குத்து அவரை ரகங்களைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அந்த விதை கிடைத்தால் ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் தொட்டியில் முளைக்கவிட்டு, ஜூன் தொடக்கத்தில் வெளியே நடுங்கள். முதலில் முற்றும் காயைச் சமைக்காமல் விதைக்கு விடுங்கள்.