பழைய பெயரைத் தேடும் சர்வர்

மாணவர்களே, ஜார்ஜ்டவுனில் 'பிட் ஸ்ட்ரீட்' எங்கே என்று தாத்தாவைக் கேளுங்கள். உடனே வழி சொல்வார். இன்றைய பெயர்ப்பலகையிலோ அது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்.

ஜாவா நிரல்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தரவுகளை அட்டவணைகளாக்கித் தரும் அறிக்கை சர்வர், பெரும்பாலும் 'வார்' என்னும் ஒரே கோப்பாக வரும். (உண்மையில் அது ஜிப் கோப்புதான்.) அதை டாம்கேட் சர்வரின் 'வெப்ஆப்ஸ்' கோப்புறையில் போட்டால், டாம்கேட்டே விரித்து இயக்கும்.

ஆனால் டாம்கேட் 9இல் ஓடியது 10இல் ஓடாமல் போகலாம். 2017இல் ஆரக்கிள், ஜாவா இ.இ. தொழில்நுட்பத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு மாற்றுவதாக அறிவித்தது. 'ஜாவா' என்ற வணிகப் பெயரை மட்டும் விட்டுத்தரவில்லை. அதனால் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய பல தொகுப்புகள் 'ஜகார்த்தா' ஆயின. (ஜகார்த்தா நகரம் இருப்பதும் ஜாவா தீவில்தானே!) பழைய கோப்பு 'ஜாவாக்ஸ்' பெயரையே தேடி நின்றுவிடும்.

அத்தகைய கோப்பை டாம்கேட் 10இல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' கோப்புறையில் போடுங்கள். பெயர்களை டாம்கேட்டே மாற்றிக்கொள்ளும்.