நம்பிக்கைகளும் உண்மைகளும்: விளையாட்டுப் பீரியடைக் கடன் வாங்கலாமா?

பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் விளையாட்டுப் பீரியட் கணக்கு ஆசிரியர் கைக்குப் போய்விடுகிறது. போர்ஷன் முடியவில்லை என்பார்கள். பெற்றோரில் பலர் அதைக் கேட்டு நிம்மதி அடைகிறார்கள். இந்த நிம்மதிக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைதான், மாணவர்களின் உடல்நலத்துக்கு மற்ற எல்லாத் தவறான எண்ணங்களையும்விட அதிகக் கேடு செய்கிறது என்பது என் கருத்து.

நம்பிக்கை: விளையாடும் நேரம் படிப்பிலிருந்து பறிபோகும் நேரம்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் 50 ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளியில் நடக்கும் உடலியக்கத்துக்கும் படிப்புக்கும் இடையே அந்த ஆய்வுகள் சோதித்த 251 தொடர்புகளில் ஏறத்தாழ பாதி நன்மையைக் காட்டின. மீதியில் பெரும்பாலானவற்றில் எந்தப் பாதிப்பும் இல்லை. படிப்பு கெட்டதாகக் காட்டியவை 1.5 சதவீதம் மட்டுமே. ஓடினால் மதிப்பெண் கூடும் என்று இதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஓடினால் குறையும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

இலினாய் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹில்மன் குழு, 7 முதல் 9 வயது வரையிலான 221 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் பள்ளி விட்டதும் ஓடியாடி விளையாட ஒன்பது மாதம் ஏற்பாடு செய்யப்பட்டது. கவனம் சிதறாமல் இருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்புவதிலும் அவர்கள் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். 2014-இல் வெளியான முடிவு இது. மூன்று மணி நேரத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு வேண்டியதும் இந்தத் திறன்தானே! உடல் அசையும்போது மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறது. படித்தது மனத்தில் பதிவதற்கு அந்தத் தூக்கம் அவசியம்.

நம்பிக்கை: ஒல்லியாக இருந்தால் உடல்தகுதி உண்டு

உடல்தகுதி என்பது ஐந்து விஷயங்கள் சேர்ந்தது: இதயமும் நுரையீரலும் களைக்காமல் தாங்கும் ஆற்றல், தசை வலிமை, தசையின் தாக்குப்பிடிக்கும் திறன், வளைந்துகொடுக்கும் தன்மை, உடலில் கொழுப்பும் தசையும் இருக்கும் விகிதம். தராசு காட்டும் எடை இவற்றில் ஒன்றைக்கூட முழுமையாகச் சொல்வதில்லை. எடை சரியாக இருந்தும் இரண்டு மாடி ஏறியதும் மூச்சு வாங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பருமனாக இருந்தும் மைதானத்தைச் சளைக்காமல் சுற்றி வருபவர்களும் இருக்கிறார்கள். 'குண்டு' என்று கேலி செய்து ஒரு பிள்ளையை மைதானத்திலிருந்து விரட்டுவது, அதற்கு மிகவும் தேவையானதைப் பறிப்பது. அதை ஆசிரியரோ உறவினரோ யார் செய்தாலும் தவறுதான்.

நம்பிக்கை: பெண்பிள்ளைகளுக்கு, அதுவும் மாதவிடாய் நாட்களில், ஓட்டமும் ஆட்டமும் ஆகாது

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேர் உலக அளவில் போதிய உடலியக்கம் இல்லாமல் இருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளில் 78 சதவீதம். மாதவிடாய் நாட்களில் விளையாடுவதால் கர்ப்பப்பைக்குத் தீங்கு வராது. பலருக்கு வயிற்றுவலிகூடக் குறைகிறது. வலி கடுமையாக இருந்தால் ஓய்வு எடுக்கட்டும். முடிவு அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எப்போதும் சோர்ந்திருக்கும் மாணவியைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவளுக்கு முதலில் தேவை ரத்தப் பரிசோதனை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் விழுங்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்

சரியான முறையில், பயிற்சியாளர் மேற்பார்வையில், வயதுக்கேற்ற எடையைத் தூக்கினால் உயரம் குறையாது. கம்பியில் தொங்கினால் உயரம் கூடவும் கூடாது. அதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் பரம்பரையும் ஊட்டமும். எலும்பின் கதை வேறு. அதன் வலிமையில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஸ்கிப்பிங், கபடி, பாண்டி என்று குதித்து ஆடும் எல்லாமே அந்தச் சேமிப்புக்கு உதவும்.

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் தொப்பை மட்டும் கரையும் என்பது உண்மையில்லை. வியர்வையில் வெளியேறுவது நீரும் உப்பும்தான், கொழுப்பு அல்ல. விளையாடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதும் தவறு. வெயிலில் கட்டாயம் குடிக்க வேண்டும்.

5 முதல் 17 வயது வரை, சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு சற்று வாங்கும்படியான இயக்கமும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. ஜிம் வேண்டியதில்லை. பள்ளிக்கு வேகமாக சைக்கிள் மிதிப்பதும் கணக்கில் சேரும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்த பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: கால அட்டவணையில் இருக்கும் விளையாட்டுப் பீரியடில் என் பிள்ளை உண்மையிலேயே மைதானத்தில் இருந்தாளா? இல்லை என்றால், அதைத் திருப்பித் தரச் சொல்லி வற்புறுத்துங்கள்.