திரையில் பார்த்தது, மனதில் இருப்பது

கண்ணு,

வேலைக்குச் சேர்ந்து முழுசாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உனக்கு ஒரு கவலை. மனதில் தெளிவாக இருப்பது வாய்க்கு வரும்போது குழம்பிவிடுகிறது. டிவியில் பார்த்த காட்சி எதையாவது சொன்னால் மட்டும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இப்படிச் சொல்லிக்கொடுப்பது சரியா பெரியம்மா என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்றுதான் எழுதுகிறேன். 1986-இல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன், 2018-இல் வெளியே வந்தேன். அந்த 32 வருஷமும் இதே வழியில் நடந்தவள் நான். சரிதான், தாராளமாகச் சொல். நான் தடுக்கி விழுந்த இடங்களை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்.

1. சொல்ல வேண்டியது என்ன என்று தெரிந்த பிறகு காட்சியைத் தேடு. நான் தலைகீழாகச் செய்தேன். பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' தூர்தர்ஷனில் 1988 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு வெறிச்சோடிவிடும். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் பெஞ்சுக்குப் பெஞ்சு அம்பு விட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கும் ஆசை தாங்காது. முந்தின நாள் பார்த்ததை எடுத்துவிடுவேன். மணி அடிக்கும்வரை வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கும். ஆசிரியர் அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்கு எதற்காக இதைச் சொன்னோம் என்று யோசித்தால் கையில் ஒன்றும் இருக்காது. ஊறுகாய் ருசிக்கிறது என்பதற்காக அதையே இலை நிறையப் பரிமாற முடியுமா? பிற்பாடு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பாடக்குறிப்பு நோட்டின் மேல் ஓரத்தில், சொல்ல வந்ததை ஒரே வரியில் எழுதிவிடுவேன். அந்த வரி எழுத வராத நாளில் எந்தக் காட்சியையும் தொடுவதில்லை.

2. முழுக்கதை வேண்டாம், ஒரு கணம் போதும். எங்கள் பள்ளியில் ஒரு பையன்மேல் திருட்டுப் பழி விழுந்தது. அவன் எடுக்கவில்லை என்று எங்களில் பலருக்குத் தெரியும். விசாரணை நடந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்றபோது, சூதாட்டத்தின் கதை முழுவதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. பகடை, பந்தயம், இழுத்து வரப்பட்ட திரௌபதி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் சொன்னேன்: "அந்தச் சபையில பீஷ்மர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே, நேத்து நாம எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்." மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசத் தேவைப்படவில்லை. அந்தப் பையனை மறுபடி கூப்பிட்டு விசாரித்தார்கள். குனிந்த தலை என்கிற அந்த ஒரு படம் எல்லார் மனதிலும் ஏற்கெனவே இருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டியதோடு சரி.

3. அதே இடத்தில் இன்னொன்றையும் கவனி. 'நீங்கள்' என்று சொல்லாமல் 'நாம்' என்று சொன்னேன். காட்சியில் கெட்ட இடம் ஒன்று இருந்தால் முதலில் நீ அதில் உட்கார். உன் பக்கத்தில் வந்து உட்கார மற்றவர்களுக்குக் கூச்சம் இருக்காது.

4. பார்க்காதவர்களை வெளியே நிறுத்தாதே. 'மால்குடி டேஸ்' வந்த காலம். ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் எடுத்திருந்தார். அதில் சுவாமி தனியாகப் படுக்க நேரும் கதை ஒன்று உண்டு. தைரியம் இருந்தால் இன்றிரவு ஆபீஸ் அறையில் தனியாகப் படு என்று அப்பா சொல்லிவிடுகிறார். அவன் பயத்தில் பெஞ்சுக்கு அடியில் சுருண்டுகொள்கிறான். இருட்டில் ஏதோ அசைகிறது. பேய்தான் என்று நினைத்து அதன் காலைக் கட்டிப்பிடித்துக் கடித்துவிடுகிறான். பார்த்தால் திருடன்! ஊரெல்லாம் வீரன் என்று கொண்டாடுகிறது. மறுநாள் இரவு சுவாமி பழையபடி தன் வழக்கமான இடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறான். பயந்த பிள்ளைக்குள்ளும் தைரியம் இருக்கிறது, தைரியம் வந்த பிறகும் பயம் போய்விடாது என்று சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை.

"நேத்து சுவாமி பார்த்தீங்கள்ல?" என்று ஆரம்பித்தேன். வகுப்பே "ஓ" என்றது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வீட்டில் டிவி இல்லை; பக்கத்து வீட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். நான் பேசப் பேச, அவள் அந்த வகுப்பிலேயே இல்லாதவளாக ஆகிக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் அந்தத் திரும்பிய முகம் என்னை விடவில்லை.

அதற்குப் பிறகு நான் எங்கள் பாட்டியை நினைத்துக்கொள்வேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் டயனோரா டிவி இருந்தது. மகாபாரதம் ஓடுவது இந்தியில். பாட்டிக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். திண்ணையில் இடம் கிடைத்த பெண்களுக்கு ஜன்னல் வழியாக டிவியின் ஓரம்தான் தெரியும். பாட்டி அவர்களுக்காகச் சொல்வாள். முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்து, "இப்படி இழுக்கிறான், இவ இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிறா" என்று காட்டுவாள். டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் திரும்பிப் பாட்டியைப் பார்ப்பார்கள். "பார்த்தீர்களா?" என்று அவள் யாரையும் கேட்டதில்லை. பார்க்காதவளுக்குச் சொல்கிற மாதிரி சொல், பார்த்தவளும் சேர்ந்து கேட்பாள்.

5. பொதுவான கதை இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கிக்கொள். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் 1991-இல் வந்த 'டார்மோக்' என்ற பகுதியை உன் அண்ணன்தான் எனக்குப் போட்டுக் காட்டினான். அதில் ஒரு வேற்றுக்கிரக மக்கள் வருகிறார்கள். அவர்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள். தங்கள் பழங்கதைகளில் வரும் ஆளையும் ஊரையும் பெயர் சொல்லியே பேசுவார்கள். விண்கப்பலில் இருக்கிற மொழிபெயர்ப்புக் கருவி ஒவ்வொரு சொல்லையும் சரியாகத்தான் மாற்றிக்கொடுக்கிறது. கதை தெரியாததால் கேப்டன் பிக்கார்டுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. கடைசியில் அந்த வேற்றுக்கிரகத் தலைவன் அவரை ஒரு கொடிய மிருகம் திரியும் இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறான். இரண்டு பேரும் சேர்ந்து போராடினால் அதுவே இரண்டு பேருக்கும் பொதுவான கதையாகிவிடும் என்பது அவன் எண்ணம். அடிபட்டுச் சாகக் கிடக்கும் அவனுக்கு, இராத்திரி நெருப்பின் பக்கத்தில் பிக்கார்டு நம் பூமியின் பழங்கதையான கில்காமேஷின் கதையைச் சொல்கிறார். பார்த்துவிட்டு வெகுநேரம் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்று ஒருவன் உயிரையே கொடுக்கிறானே!

நீ உயிரைக் கொடுக்க வேண்டாம், கண்ணு. ஒரு மதிய இடைவேளையைக் கொடு. பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் பார்ப்பதைப் பார். எனக்குப் பிடித்ததையே 10 வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டதே இல்லை.

6. எங்கே பார்த்தாயோ அந்த இடத்தின் பெயரைச் சொல். மாய மாளிகையில் துரியோதனன் தண்ணீரில் விழ, திரௌபதி சிரித்துக் குருடன் மகன் என்று ஏசுவதைச் சோப்ராவின் தொடரில் பார்த்திருப்பாய். "வியாசர் இப்படி எழுதியிருக்கிறார்" என்று வகுப்பில் அடித்துச் சொன்னேன். பக்கத்து வகுப்புத் தமிழ் ஐயா சாயங்காலம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: வியாச பாரதத்தில் அந்த இடத்தில் சிரிப்பவர்கள் பீமனும் மற்றவர்களும்தான், அந்த ஏச்சு திரௌபதி வாயில் வருவதில்லை. மறுநாள் பிள்ளைகளிடம் திருத்திச் சொன்னேன். போருக்கே காரணம் ஒரு பெண்ணின் சிரிப்பு என்று 45 பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்களே, அதுதான் உறுத்தியது. 'டிவியில் இப்படிக் காட்டினார்கள்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகிவிடும்?

7. எந்தப் பிள்ளைக்கும் பாத்திரத்தின் பெயரை வைக்காதே. இதை எழுதக் கை தயங்குகிறது. ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு பையன் கெட்டிக்காரன். 15 ஆட்டை வைத்துக்கொண்டு 3 புலியையும் நகரவிடாமல் கட்டிப்போட்டுவிடுவான். அவன் மூளையைப் பாராட்டத்தான், எல்லார் முன்னாலும், "சகுனி மாதிரி காய் நகர்த்துறடா" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன். அவன் எழுந்து தன் இடத்துக்குப் போனபோதுதான் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று உறைத்தது. அந்தத் தொடரில் சகுனி ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். இந்தப் பிள்ளைக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியிருந்தது. நான் பார்த்தது பகடையை. அவர்கள் பார்த்தது காலை. பள்ளியை விட்டுப் போகும்வரை அவனுக்கு அந்தப் பெயர்தான். அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர்" என்றான். அதற்குப் பிறகு அவன் ஆடுபுலி ஆடி நான் பார்க்கவில்லை.

8. நீ காட்டியதைத்தான் அவர் பார்த்தார் என்று நம்பிவிடாதே. பெரியவர்களிடம் பேசும்போது இது இன்னும் முக்கியம்.

உன் சின்ன மாமாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் முடித்த கடன் அடையுமுன் அடுத்தவளுக்கு வட்டிக்கு வாங்க ஓடிக்கொண்டிருந்தான். அப்போது சன் டிவியில் 'மெட்டி ஒலி' ஓடிய காலம். 2002-இல் தொடங்கிய தொடர். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதியில்லாமல் தவிப்பார். தம்பியிடம் நேராகச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. "இப்படியே போனா நீ மெட்டி ஒலி சிதம்பரம் மாதிரிதான் ஆகப்போற" என்றேன். இதைக் கேட்டாவது சுதாரிப்பான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவா அக்கா? அந்த மாதிரி அப்பாவா இருந்துட்டாப் போதும்" என்றான். அடுத்த வாரமே இன்னொரு கடன் வாங்கினான். எச்சரிக்கை என்று நான் கொடுத்ததை அவன் மாலையாகப் போட்டுக்கொண்டான்.

கற்றவர்களே இதில் தவறியிருக்கிறார்கள். 1984-இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' தொடரில் பாகவந்தி என்று ஒரு தாய். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நசுங்கும் வாழ்க்கை பெண்களுக்கு வேண்டாம் என்று காட்டத்தான் அந்தப் பாத்திரம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமாரே வந்து நேயர்களிடம் பேசுவார். அப்படியும், பெண் என்றால் பாகவந்தி மாதிரி இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டவர்கள் பலர். அமெரிக்காவில் 1971-இல் 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடங்கியபோதும் இதேதான். ஆர்ச்சி பங்கர் என்பவனின் இனவெறுப்பைக் காட்டி, அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று உணர்த்த நினைத்தார்கள். 1974-இல் வெளியான ஓர் ஆய்வு, அதே வெறுப்பு உள்ளவர்கள் ஆர்ச்சி சொல்வதுதான் சரி என்று ரசித்ததைக் கண்டது.

அதனால் காட்சியைச் சொன்னதும் நிறுத்து. "உனக்கு அதுல யாரைப் பிடிச்சுது?" என்று கேள். பதிலைக் கடைசிவரை கேட்ட பிறகு, உன் பேச்சைத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய். தம்பியிடம் நான் அதைக் கேட்டிருந்தால் ஒரு கடனாவது மிச்சமாகியிருக்கும்.

9. சில சமயம் டிவியை அணைத்துவிட்டுப் பேசு. எனக்கு இது புரிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு ராத்திரி அவன் வீட்டுக்குப் போனேன். அதே தொடர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை சிதம்பரத்தைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, எனக்குப் பயமா இருக்குடா. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே கெடக்கேன்" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து டிவியை அணைத்தான். சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்தான். நகை அடகுச் சீட்டு, வட்டிச் சீட்டு எல்லாவற்றையும் தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பினான். மொத்தம் 11 இருந்தது. உன் அத்தை சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குமே அதில் பாதி தெரியாது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவன், "அக்கா, பேனா வச்சிருக்கியா? கூட்டிப் பார்ப்போம்" என்றான்.