பெஸ்கினா, வைன்பெர்க்கா?

அட்டப்பாடியிலிருந்து போய் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, குவாண்டம் புலக் கோட்பாட்டில் ஒரு தாளும் எழுதிவிட்டு, "அடுத்து எந்தப் புத்தகம் வாங்கட்டும் சார்?" என்று கேட்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதிவைக்கிறேன்.

1. முதலில், எதற்குப் படிக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள். துகள் இயற்பியலா, கண்டன்ஸ்டு மேட்டரா, ஈர்ப்பா? அகளி ஸ்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் ஆனைகட்டியிலும் இறங்கலாம், முக்காலியிலும் இறங்கலாம். புத்தகம் வாங்குவதும் அப்படித்தான்.

2. லாஹிரியும் பாலும் எழுதிய முதல்நிலைப் புத்தகத்தைத் "தாண்டியாச்சு" என்று சொல்லாதீர்கள். கொல்கத்தாக்காரர்கள் நம் மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. அதிலுள்ள சிதறல் கணக்குகளைப் புத்தகத்தை மூடிவைத்துப் போட முடிகிறதா? முடியாவிட்டால் பெரிய புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

3. முதுகெலும்பாக ஒரே ஒரு புத்தகம் போதும். துகள் இயற்பியல் பக்கம் போகிறவருக்கு அது பெஸ்கின்–ஷ்ரோடர் (1995) அல்லது மாத்யூ ஷ்வார்ட்ஸ் (2014). எது என்று என்னைக் கேட்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கு வரும் முதல் திருத்தத்தை 1948இல் ஷ்விங்கர் கணக்கிட்டார். நுண்ணமைப்பு மாறிலியை 2 பை-ஆல் வகுத்தால் வரும் எண், ஏறக்குறைய 0.00116. இந்தக் கணக்கு இரண்டு புத்தகங்களிலும் உண்டு. பெஸ்கினில் ஆறாம் அத்தியாயம். லைப்ரரியில் இரண்டையும் வாங்கி, அந்த ஒரு பகுதியை மட்டும் வரிவரியாகப் போடுங்கள். இரண்டு சமன்பாடுகளுக்கு நடுவே ஆசிரியர் விட்டுவிட்ட படிகளை எந்தப் புத்தகத்தில் நீங்களாகவே நிரப்ப முடிந்ததோ, அதை வாங்குங்கள். என் சாய்வு ஷ்வார்ட்ஸ் பக்கம். அவர் படிகளை அதிகம் விழுங்குவதில்லை. ஆனால் மறுஇயல்பாக்கத்தை நிலைமாற்றங்களோடு சேர்த்துச் சொல்லும் பெஸ்கினின் இரண்டாம் பாகத்தை எந்தப் பக்கம் போகிறவரும் ஒருமுறை படித்தாக வேண்டும். பெஸ்கின் புத்தகத்தின் பிழைதிருத்தப் பட்டியலை ஆசிரியர்களே வெளியிட்டிருக்கிறார்கள். முதலில் அதைப் பார்த்துப் புத்தகத்தில் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.

4. மெட்ரிக்கின் குறி! பெஸ்கினும் ஷ்வார்ட்ஸும் காலத்துக்குக் கூட்டல், இடத்துக்குக் கழித்தல் போடுவார்கள். அடுத்து வரப்போகும் ஷ்ரெட்னிக்கியும் வைன்பெர்க்கும் நேர் எதிர். நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் வழக்கத்தை எழுதிவைத்துவிட்டு, மற்ற புத்தகத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சமன்பாட்டையும் அதற்கு மாற்றி எழுதுங்கள்.

5. கையில் காசில்லை என்றால் ஷ்ரெட்னிக்கி. அச்சுக்கு முந்தைய வடிவத்தை இலவசமாகவே கொடுத்திருக்கிறார். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. ஒவ்வொன்றின் தலையிலும் அதற்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும் என்று இருக்கும். ஆறு பரிமாணத்தில் ஒரு பொம்மைக் கோட்பாட்டோடு தொடங்குவதைப் பார்த்து மிரள வேண்டாம். தற்சுழற்சி இல்லாத துகளிலேயே மறுஇயல்பாக்கம் வரை கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகுதான் எலெக்ட்ரானுக்கு வருகிறார்.

6. வைன்பெர்க்கின் மூன்று தொகுதிகளை (1995, 1996, 2000) அலமாரி அழகுக்கு வாங்குகிறவர்கள் உண்டு. அது இரண்டாவது புத்தகம் அல்ல, மூன்றாவது. மற்றவர்கள் புலத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்து துகளை வருவிப்பார்கள். அவர் துகளிலிருந்து புறப்பட்டு, புலம் எதற்கு வேண்டும் என்று கேட்கிறார். குவாண்டம் விதியும் சார்பியலும், தூரத்துச் சோதனைகள் ஒன்றையொன்று பாதிக்கக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தால் புலம் தானாக வந்து நிற்கிறது. முதல் தொகுதியின் இரண்டு முதல் ஐந்து வரையான அத்தியாயங்கள் போதும். குறியீடுகள் கண்ணைக் கட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே கேள்வியை வேறு வழியில், சுருக்கமாகக் கேட்டவர் திருவனந்தபுரத்தில் பிறந்த தாணு பத்மநாபன். அவர் 2016இல் வெளியிட்ட புத்தகம் ஒற்றைத் துகளின் பாதைத் தொகையில் தொடங்கிப் புலத்துக்கு வருகிறது. ஈர்ப்புப் பக்கம் போகிறவருக்கு அதுதான் வாசல்.

7. கண்டன்ஸ்டு மேட்டர் பக்கம் போகிறவருக்கு ஷங்கரின் புத்தகம் (2017).

8. ஸீயின் புத்தகம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. கணக்கு பழக அது உதவாது, ஆசை வளர்க்க உதவும். சிட்னி கோல்மன் 1975–76இல் ஹார்வர்டில் நடத்திய வகுப்புகள் வீடியோவாகவே கிடைக்கின்றன. படம் மங்கல்தான், பேச்சு தெளிவு.

9. தனியாக உட்காராதீர்கள், கண்ணு. ஐம்பதுகளின் கடைசியில் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னையில் தன் வீட்டுக்கே மாணவர்களைக் கூப்பிட்டுக் கருத்தரங்கு நடத்தினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. அவர்களுக்கு இத்தனை புத்தகம் ஏது? இங்கே இன்னொருவர் கிடைக்காவிட்டால் கோவையில் தேடுங்கள். வாரம் ஒரு பிரிவு, ஒருவர் பலகையில் போட மற்றவர் குறுக்கே கேள்வி கேட்க வேண்டும். பயிற்சிக் கணக்குகளின் விடைகள் இணையத்தில் எங்கே இருக்கின்றன என்று இருவருக்கும் தெரியும். பலகையில் போட்டு முடிக்கும் வரை யாரும் திறக்கக்கூடாது.